கரிசல் காட்டில் பொன்னிழை – பழைய பூசை உடுப்புகளின் கதை

அருப்புக்கோட்டை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தறிச் சத்தம்தான். திருச்சுழி என்றால் குண்டாறு, திருமேனிநாதர் கோவில், 1879-ஆம் ஆண்டு அங்கே பிறந்த ரமண மகரிஷி. இரண்டு ஊர்களுக்கும் நடுவே விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம். பெய்யாவிட்டால் கருவேல மரம். அந்தப் பருத்தியை நூலாக்கி, நூலைச் சேலையாக்கி வாழ்ந்த ஊர் அருப்புக்கோட்டை. சாலியர், தேவாங்கர் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடியது. பிற்காலத்தில் பஞ்சாலைகளும் விசைத்தறிகளும் வந்தன.

இந்தச் சீமையில் கத்தோலிக்கக் கோவில்களும் உண்டு. பழைய மதுரை மிஷன் காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துக்குச் சாமியார்கள் வந்து போயிருக்கிறார்கள். இங்கே ஒரு வேடிக்கையான முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் பருத்தி விளைந்தாலும், பீடத்தில் நின்று பூசை செய்யும் சாமியாரின் உடுப்பு மட்டும் பருத்தியாக இருக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் சொன்னது! பட்டு வேண்டும், பொன்னிழை வேண்டும், ஆளிச் செடியின் நாரிலிருந்து செய்த லினன் துணி வேண்டும். இவை எதுவும் கரிசல் மண்ணில் விளைவதில்லை.

அப்படியானால் அந்த உடுப்புகள் எங்கிருந்து வந்தன? யார் தைத்தார்கள்? இப்போது எங்கே போயின? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடுப்புகளும் நிறங்களும்

பூசைக்கு முன்னால் சாமியார் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல உடுப்புகளை அணிவார். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. அடுத்து கணுக்கால் வரை வரும் வெள்ளங்கி. இடுப்பில் ஒரு கயிறு. கழுத்தில் ஸ்தோலா எனப்படும் தோள்பட்டை. இடது கையில் தொங்கும் சிறு பட்டை ஒன்றும் அந்தக் காலத்தில் உண்டு. அதற்கு மணிப்பிள் என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே வருவது பூசை மேலங்கி. தேர்ப்பவனி, நற்கருணை ஆசீர் போன்ற நேரங்களில் தோளிலிருந்து தரை வரை வரும் காப்பா என்ற போர்வையும் உண்டு. பூத்தையல் எல்லாம் பெரும்பாலும் மேலங்கியிலும் காப்பாவிலும்தான்.

மேலங்கிக்கு லத்தீனில் 'காசுலா' என்று பெயர். 'சின்ன வீடு' என்று பொருள். ஆதியில் அது ரோமர்கள் வெளியே போகும்போது போர்த்திக்கொண்ட வட்டமான போர்வை. ஆளை வீடு போல முழுவதும் மூடியதால் அந்தப் பெயர். காலம் போகப் போக அதில் பூத்தையல் கூடியது, தங்க இழை கூடியது, கனமும் கூடியது. அட்டை போல விறைத்த துணியைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியுமா? அதனால் பக்கவாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை என்ற வடிவம் வந்துவிட்டது. முன்பக்கம் வயலின் போல இடை குறுகி இருக்கும். பழைய படங்களில் தமிழ்நாட்டுச் சாமியார்கள் போட்டிருப்பது இந்த வடிவம்தான். அதாவது, தையல் வேலையின் கனமே உடுப்பின் வடிவத்தை மாற்றிவிட்டது!

நிறங்களுக்கும் கணக்கு உண்டு. 1570-இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசைப் புத்தகம் அதை எங்கும் ஒரே மாதிரி ஆக்கியது. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, மாதா திருநாள்களுக்கு வெள்ளை. வேதசாட்சிகளுக்குச் சிவப்பு. தவக்காலத்துக்கு ஊதா. சாதாரண ஞாயிறுகளுக்குப் பச்சை. இறந்தவர்களுக்குக் கறுப்பு. பூசை லத்தீனில் நடந்த காலம் அது. எழுத்து தெரியாத சம்சாரிக்கும் இன்று என்ன நாள் என்பதைச் சொன்னது சாமியார் உடுப்பின் நிறம்தான்.

பருத்திக்குத் தடை

இப்போது பருத்திக்கு வருவோம். 1819-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ரோமையின் வழிபாட்டுப் பேராயம் ஓர் ஆணை வெளியிட்டது. வெள்ளங்கி, கழுத்துத் துணி, பீடத் துணி போன்றவை லினன் போன்ற நார்த் துணிகளில்தான் இருக்க வேண்டும், பருத்தி கூடாது. மேலங்கிக்குப் பட்டு அல்லது உயர்ந்த பொன்னிழைத் துணி என்பதும் அதே நூற்றாண்டில் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்பட்டது.

இதற்குப் பின்னால் ஐரோப்பிய அனுபவம் இருந்தது. இயேசுவின் உடலைச் சுற்றிய துணி லினன் என்பது மரபு. பருத்தியோ அப்போது ஆலைகளில் மலிவாகக் குவிந்த புதுச் சரக்கு. மலிவானதைப் பீடத்தில் வைக்கக் கூடாது என்று நினைத்தார்கள். ஐரோப்பாவில் அது நியாயமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் பருத்தியே உயிராக இருக்கும் ஒரு சீமையில் அந்த விதியின் அர்த்தமே வேறு. மாதாவுக்குச் சேலை சாத்தலாம், கோவிலுக்குக் கொடி நெய்து கொடுக்கலாம். ஆனால் தன் கையால் நெய்த துணி பீடத்தில் விரிக்கப்படும் என்று நெசவாளி எதிர்பார்க்க முடியாது. பொது விதி அப்படித்தான் இருந்தது.

காவியும் பட்டும்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வரலாற்றில் துணி என்பது எப்போதும் ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, ஐரோப்பியக் கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர்கள் பூணூல் அணியலாமா என்ற கேள்வி ரோமாபுரி வரை போனது. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நிபந்தனைகளோடு அதை அனுமதித்தார். ஒரு நூலுக்காக ஒரு பாப்பரசரின் ஆணை!

அவருக்குப் பின்னால் வந்த அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) பண்டார சாமி கோலத்தில் மறவர் சீமையெங்கும் நடந்தார். சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓரியூர் மண் சிவந்திருப்பது அவர் இரத்தத்தால் என்று மக்கள் நம்புகிறார்கள். அவருடைய திருநாளில் சாமியார் அணிவதும் சிவப்பு உடுப்புதான்.

வீரமாமுனிவர் பணி செய்த காமநாயக்கன்பட்டியும் இதே கரிசல் சீமைதான். இந்த மிஷன் சாமியார்கள் தெருவில் காவியோடு நடந்தாலும், பூசை நேரத்தில் ரோமை முறைப்படி உடுத்தியே ஆக வேண்டும். வெளியே தமிழ்த் துறவி, பீடத்தில் ரோமைக் குரு. ஒரே ஆள் இரண்டு துணிகளில் வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டதும் மதுரை மிஷன் தளர்ந்தது. சபை மீண்டும் உயிர் பெற்ற பிறகு, 1838-இல் பிரெஞ்சு சேசு சபையார் மதுரை மண்டலத்துக்குத் திரும்பினார்கள். பெர்த்ராந்து, கார்னியே, மார்த்தேன், துரான்கே ஆகிய நால்வர் முதலில் வந்தவர்கள். இவர்களைப் போன்ற மிஷனரிகளுக்குப் பணம் திரட்டிய 'விசுவாசம் பரப்பும் சங்கம்' 1822-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் தொடங்கப்பட்டது. ஐரோப்பாவிலேயே பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற நகரமும் அதே லியோன்தான். பூ வேலையைத் தறியிலேயே நெய்யும் ஜக்கார்டு தறி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதும் அங்கேதான். ஆக மிஷனுக்குக் காசு திரட்டிய ஊரும், பூசைப் பட்டு நெய்த ஊரும் ஒன்றாக அமைந்தன.

கிராமம் கிராமமாகப் போன சாமியாருக்கு மாட்டு வண்டிப் பயணத்தில் ஐந்து நிறத்துக்கு ஐந்து உடுப்பு சுமப்பது கஷ்டம். அதனால் பயண உடுப்புகளைச் சில சமயம் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம் என்று திருப்பிப் போடும்படி தைத்தார்கள்.

தங்கம் எப்படித் தையலாகிறது?

பழைய உடுப்பில் இருக்கும் பொன்னிழை முழுத் தங்கம் அல்ல. வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசி, மயிரிழை போல இழுத்து, தட்டி நாடாவாக்கி, மஞ்சள் பட்டு நூலின் மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள். உள்ளே மஞ்சள் நூல் எதற்கு? சுற்று எங்காவது விலகினாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் சரிகையைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

இந்த இழையை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் சுற்று உரிந்துவிடும். அதனால் இழையைத் துணியின் மேலே படுக்க வைத்து, மெல்லிய பட்டு நூலால் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டே போவார்கள். வழக்கமாக இரண்டு இழைகளைச் சேர்த்து ஒரு கட்டு. விரலகலம் நிரப்பவே பல பத்துக் கட்டுகள் வேண்டும். பூவோ கதிரோ புடைத்துத் தெரிய வேண்டும் என்றால், அடியில் கயிறோ அட்டையோ கம்பளியோ வைத்து அதன் மேல் இழையை ஓட்டுவார்கள். ஸ்பிரிங் போலச் சுருட்டிய கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோப்பது போலவும் தைப்பார்கள். நடுநடுவே சமிக்கி மின்னும்.

இதில் உச்சம் என்று சொல்லத்தக்கது 15-ஆம் நூற்றாண்டில் பிளாண்டர்ஸ் பகுதியில் (இன்றைய பெல்ஜியம்) சிறந்து விளங்கிய ஒரு முறை. முதலில் பரப்பு முழுவதும் பொன்னிழையைக் கிடத்திவிடுவார்கள். அதன் மேல் வண்ணப் பட்டு நூலால் கட்டுவார்கள். கட்டு நெருங்கினால் நிழல், விலகினால் ஒளி. ஓவியர் தூரிகையால் செய்வதை இவர்கள் ஊசியால் செய்தார்கள். வியன்னாவில் பாதுகாக்கப்படும் 'பொன் ஆட்டுத்தோல்' வீரர் சபையின் பூசை உடுப்புகள் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி.

இன்னொரு செய்தியும் முக்கியம். பூத்தையலைப் பல சமயம் தனியாக ஒரு லினன் துணியில் முடித்து, வெட்டி எடுத்து, பிறகுதான் பட்டில் பதிப்பார்கள். பட்டு நைந்துபோனால் பூவை மட்டும் எடுத்துப் புதுப் பட்டில் ஒட்டித் தைக்கலாம். எனவே ஒரு பழைய உடுப்பில் துணிக்கு ஒரு வயது, பூவுக்கு வேறு வயது இருக்கலாம். நம் ஊர்த் தேர்களில் தொங்கும் தொம்பைகளிலும் துணியை வெட்டிப் பதித்துத் தைக்கும் வேலை உண்டு. முறை வேறு, பொறுமை ஒன்றுதான்.

ஊசி பிடித்த கைகள்

இவற்றை எல்லாம் ஐரோப்பியர்கள் மட்டும்தான் தைத்தார்களா? இல்லை. போர்த்துகீசியர் வந்த 16, 17-ஆம் நூற்றாண்டுகளிலேயே வங்காளத்திலும் குஜராத்திலும் இந்தியக் கைகள் லிஸ்பனுக்காகப் பூத்தையல் செய்தன. பழைய கோவாவில் சாந்தா மோனிக்கா மடத்தில் இருக்கும் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தில் பழைய பூசை உடுப்புகளைக் காணலாம்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தேடினால், அருப்புக்கோட்டைச் சீமையைத் தாண்டித் தெற்கே குமரிக்குப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஊசிநூலுக்கு ஒரு வரலாறு இருந்தது. நாகர்கோவிலில் சீர்திருத்தச் சபை மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களிலேயே ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து இடையன்குடிக்கு அதைக் கொண்டுபோனார்.

கத்தோலிக்கத் தரப்பில் அந்த இடத்தைப் பிடித்தது முளகுமூடு. அப்போது அது திருவிதாங்கூர் அரசில் இருந்தது. 1956-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1897 நவம்பர் 7-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்பர் நகர மடத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னிகை ஒரு துணையோடு முளகுமூடு வந்து சேர்ந்தார். அனாதைப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வந்தவர் அவர். பின்னாளில் மரியாவின் மாசற்ற இருதய மிஷனரிச் சகோதரிகள் என்று பெயர் பெற்ற சபை அங்கேதான் பிறந்தது. ஈப்பர் இருப்பதும் அந்தப் பிளாண்டர்ஸ் பகுதியில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. ஊசியும் லேஸும் அங்கே ஊர்த்தொழில். முளகுமூட்டு மடத்திலும் பெண்கள் லேஸும் எம்பிராய்டரியும் கற்றார்கள்.

பூசை உடுப்புகளில் வழக்கமாக வரும் சித்திரங்களை நினைத்துப் பாருங்கள். கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, லில்லிப் பூ, தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா, முத்திரையிட்ட புத்தகத்தின் மேல் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி. நெல்லும் கம்பும் பார்த்து வளர்ந்த பெண் பிள்ளைகள், கோதுமைக் கதிரைக் காகிதத்தில் பார்த்துப் பொன்னிழையில் விளைய வைக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு புள்ளி தவறினாலும் பிரிக்க வேண்டும். பிரித்தால் துணியில் ஓட்டை தெரியும்.

இந்த வேலையின் பெரிய சோகம் ஒன்று உண்டு. உடுப்பைக் காணிக்கை கொடுத்தவர் பெயர் சில சமயம் உள்பக்கத்தில் இருக்கும். கடையின் முத்திரை இருக்கும். தைத்தவள் பெயர் இருக்காது. ஐரோப்பாவிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். கோவில் கட்டிய சாமியாருக்குக் கல்வெட்டு உண்டு. மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்து வேலை செய்த பெண்ணுக்கு ஒரு வரி கூட இல்லை.

சாமியார் திரும்பி நின்றபோது

பழைய முறையில் சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று பூசை செய்தார். மக்கள் கண்டது அவர் முதுகை. அதனால்தான் மேலங்கியின் பின்பக்கத்தில் பெரிய சிலுவையும் சிறந்த பூவேலையும் இருந்தன. ஜனங்கள் பார்க்கும் திரை அது.

1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது. பூசை தமிழுக்கு வந்தது. சாமியார் மக்களைப் பார்த்து நின்றார். பின்பக்கத்துச் சித்திரம் ஒரே நாளில் சுவரைப் பார்க்க ஆரம்பித்தது! 1967 மே மாதம் மணிப்பிள் கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். 1969 ஏப்ரல் 25-ஆம் தேதி இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு வழிபாட்டு மாற்றங்களை ரோமை அனுமதித்தது. மரபு உடுப்புகளுக்குப் பதிலாக ஒரே அங்கியும் அங்கவஸ்திரம் போன்ற தோள்பட்டையும் போதும் என்பது அவற்றில் ஒன்று. செருப்பைக் கழற்றுவது, கும்பிடுவது, ஆரத்தி எடுப்பது போன்றவையும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. இந்த மாற்றங்களுக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் தமிழரான அமலோர்பவதாஸ் அடிகள். எதிர்ப்பும் பலமாக வந்தது. அடுத்து வந்த புதிய பூசைப் புத்தகம், அந்தந்த நாட்டின் இயற்கைத் துணிகளில் உடுப்பு செய்யலாம் என்றது.

அதாவது, 1819-இல் பீடத்திலிருந்து விலக்கப்பட்ட பருத்திக்கு 150 ஆண்டுகள் கழித்து வழி திறந்தது. கரிசல் காட்டுப் பஞ்சில் நெய்த துணியைச் சாமியார் பூசைக்குத் தாராளமாக உடுத்தலாம். நெசவாளிக்கு இது நியாயமான வெற்றிதான்.

ஆனால் ஒரு வாசல் திறந்தபோது இன்னொன்று மூடிக்கொண்டது. பழைய பட்டு உடுப்புகள் மரப்பெட்டிக்குள் போயின. பல பங்குகளில் அவை பழம்பஞ்சாங்கம் என்று கருதப்பட்டன. இன்று கம்ப்யூட்டர் எம்பிராய்டரி எந்திரம் சில மணி நேரத்தில் ஒரு சிலுவையைத் தைத்துவிடுகிறது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

பழைய உடுப்புகளுக்கு எதிரிகள் பலர். முதல் எதிரி வெள்ளியின் விலை. இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டிலும், பிரான்சில் 1789 புரட்சிக்குப் பிறகும், எத்தனையோ உடுப்புகளை எரித்துச் சாம்பலிலிருந்து தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தார்கள். நம் தெருக்களில் 'பழைய பட்டுச்சேலை வாங்குறது' என்று கூவி வருபவர் செய்வதும் அதே கணக்குத்தான். பூசை உடுப்பு கிழிந்துபோனால் மரியாதையாக எரித்துவிட வேண்டும் என்ற பழைய வழக்கமும் பலவற்றை அழித்தது.

இரண்டாம் எதிரி துணிக்குள்ளேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டுக்குக் கனம் ஏற்ற வெள்ளீய உப்புகளில் ஊற வைப்பது ஐரோப்பாவில் பரவியது. அந்தப் பட்டு வயதானதும் தொட்டாலே கோடு கோடாகக் கிழியும். மடித்து வைத்த இடத்தில்தான் முதலில் விரியும். வெளிச்சம், வெயில், ஈரம், கரையான், பூச்சி ஆகியவை மற்ற எதிரிகள். வெள்ளி கறுத்துப்போனதைப் பார்த்து, விளக்கிப் பளபளப்பாக்கலாம் என்று இறங்குபவர்களும் எதிரிகள்தான்.

காப்பாற்றுவது பெரிய செலவான காரியமல்ல. துவைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது. மடிக்காமல் தட்டையாகக் கிடத்த வேண்டும். கட்டாயம் மடிக்க வேண்டியிருந்தால் மடிப்புக்குள் துணிச் சுருள் வைக்க வேண்டும். அந்துருண்டையைப் பொன்னிழைமேல் படும்படி போடக் கூடாது. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் உள்ளும் போட்டோ எடுத்து, எந்தக் கோவில், எந்த நிறம், என்ன எழுத்து என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஊரில் வயதான உபதேசியாரோ, மடத்தில் தையல் கற்ற பாட்டியோ இருந்தால் அவர்கள் சொல்வதையும் அதே நோட்டில் எழுத வேண்டும். பெயர் இல்லாமல் போன பெண்களில் ஒருவருக்காவது பெயர் கிடைக்க அதுதான் வழி.

கடைசியாக, உடுப்பைச் சுற்றி வைக்க எந்தத் துணி நல்லது? சாயம் ஏற்றாத, வெளுக்காத, நன்றாக அலசிக் கஞ்சி நீக்கிய பருத்தித் துணி. அருங்காட்சியகங்களும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. தறியிலிருந்து இறக்கியதும் கோராவாக மடித்து வைப்பார்களே, அந்தக் காடாத் துணிதான்! அருப்புக்கோட்டையில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் பீடத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய பருத்தி, பீடத்தில் மின்னிய பட்டை இன்று காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நாலு முழம் துணியும் கொஞ்சம் அக்கறையும் இருந்தால் போதும்.